பில் போட்டாச்சு, எஸ்எம்எஸ் யார் அனுப்புவது? திரெட், செலரி, போஸ்ட்கிரஸ்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஓர் இறால் வியாபாரிக்கு ஜாங்கோ என்ற பைத்தான் வெப் ஃபிரேம்ஒர்க்கில் எடைக்கணக்கு ஆப் செய்து கொடுத்தேன். விடியற்காலை விசைப்படகுகள் கரைக்கு வந்ததும் எடை போட்டு, ஒவ்வொரு சம்மாட்டிக்கும் (படகு உரிமையாளர்) பில் பிடிஎஃப் தயாராகி எஸ்எம்எஸ் போக வேண்டும். இதையெல்லாம் ரிக்வெஸ்ட்டுக்குள்ளேயே செய்தால் கணக்குப்பிள்ளை பட்டனை அமுக்கிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். பின்னால் கூடைகள் சேர்ந்துவிடும்.

முதலில் அதே புராசஸுக்குள் பின்னணியில் ஓடும் ஒரு திரெட்டில் தள்ளிவிட்டேன். ஐந்தாறு வரிதான், தனி சர்வீஸ் எதுவும் வேண்டாம். ஐப்பசி மழையில் ஒரு நாள் கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் கைவிட்டது. பில்கள் டேபிளில் பத்திரமாக இருந்தன. எஸ்எம்எஸ் யாருக்குப் போனது, யாருக்குப் போகவில்லை என்பதற்குத்தான் எங்கும் பதிவில்லை. அந்த வேலைகள் புராசஸின் மெமரியோடு போய்விட்டன. ஃபாஸ்ட்ஏபிஐ என்ற இன்னொரு ஃபிரேம்ஒர்க்கின் பேக்ரவுண்ட் டாஸ்க்கும் இதே ஜாதிதான்.

அப்புறம் செலரி, வேலைகளை வரிசையில் வைத்துத் தனி புராசஸில் செய்யும் கருவி. 2009 முதல் இருப்பது, மறுமுயற்சி, நேர அட்டவணை எல்லாம் உண்டு. ஆனால் கூடவே அந்த வரிசையை மெமரியில் வைத்திருக்கும் ரெடிஸும் குடிவரும். ரெடிஸில் ஒவ்வொரு மாற்றத்தையும் டிஸ்க்கில் பதியும் ஏஓஎஃப் இயல்பாக அணைந்தே இருக்கும். கரண்ட் போனால் டிஸ்க்கில் எடுத்த கடைசி ஸ்னாப்ஷாட்டுக்குப் பின் வந்த வேலைகள் காலி. செலரியும் சும்மா விட்டால் வேலையைத் தொடங்கும் முன்பே 'பெற்றுக்கொண்டேன்' என்று சொல்லிவிடும்; பாதியில் ஒர்க்கர் (வேலையைச் செய்யும் புராசஸ்) செத்தால் அந்த வேலை அவ்வளவுதான். வேலை முடிந்த பிறகே அதைச் சொல்லும் தாமத அக்னாலெட்ஜ்மென்ட்டைப் போட்டால், விட்டுப்போன வேலை திரும்பி வர ரெடிஸில் 1 மணி நேரம் ஆகலாம். இன்னொரு தொல்லை: பில்லை டேபிளில் எழுதி உறுதிசெய்யும் டிரான்சாக்‌ஷன் முடியும் முன்பே ஒர்க்கர் வேலையை எடுத்து 'பில் இல்லை' என்று எரர் அடிக்கும். எழுதி முடித்த பிறகே வேலையை அனுப்பும் ஜாங்கோவின் ஆன்-கமிட்டில் மாட்டினால் சரியாகும், மறக்காமல் இருந்தால்.

இப்போது பில்கள் இருக்கும் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸிலேயே ஒரு வேலை டேபிள். பில்லும் வேலையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் எழுதப்படுவதால் ஒன்றிருந்தால் மற்றதும் இருக்கும். 9.5 பதிப்பில் வந்த, வேறொருவர் பூட்டிய வரியைத் தாண்டிப்போகும் ஸ்கிப் லாக்ட் இருப்பதால் இரண்டு ஒர்க்கர்கள் ஒரே வரியைப் பிடித்துச் சண்டை போடுவதில்லை. ஒர்க்கர் விழுந்து இணைப்பு அறுந்தால் பூட்டும் விலகி வேலை மறுபடி வரிசைக்கு வந்துவிடும். அனுப்பிவிட்டு 'முடிந்தது' என்று எழுதும் முன் விழுந்தால் எஸ்எம்எஸ் இரண்டு தடவை போகும் ஆபத்து இதிலும் உண்டு. விநாடிக்கு ஆயிரக்கணக்கில் வேலை வரும் இடத்தில் நானே செலரிக்குத்தான் போவேன், அதுவும் ரெடிஸுக்குப் பதில் ரேபிட்எம்க்யூ என்ற வரிசை சர்வரோடு.

இங்கே அந்த வேகம் எதற்கு? 2 விநாடிக்கு ஒருமுறை டேபிளை எட்டிப் பார்த்தாலே, கூடை தராசை விட்டு இறங்குவதற்குள் செல் சிணுங்கிவிடுகிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் பில்லே கிடையாது. முடிந்த வரிகளை அப்போதுதான் அழிக்கிறேன்.