உத்திரமேரூர்: 919 கல்வெட்டா, 921 கல்வெட்டா?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை (பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுத்துத் தேர்ந்தெடுக்கும் முறை) கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. 919-இல் வெட்டியது சுருக்கமானது. வாரியத்துக்கு, அதாவது ஊர்ச்சபையின் நிர்வாகக் குழுவுக்கு, வருபவருக்கு வயது 30-க்கு மேல், 60-க்குள். இரண்டே ஆண்டில் ஊர்ச்சபை விதிகளைத் திருத்தியது: 35-க்கு மேல், 70-க்குள்.

ஒன்றைத்தான் படிக்க முடியும் என்றால் என் ஓட்டு 921-க்கே. கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் வாரியத்துக்கு வர முடியாது என்று நீளமாகப் பட்டியல் போடுகிறது. குடத்திலிருந்து ஓலை எடுப்பதுகூட, உள்ளே இருப்பது தெரியாத ஒரு சிறுவன்தான்! எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்!

ஆனாலும் 919-ஐ ஒதுக்கிவிட வேண்டாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் சபை எதை மாற்றியது என்பது பிடிபடும்.