பள்ளியில் ஒரு ஐக்யூ டெஸ்ட், கிளினிக்கில் இன்னொன்று: இரண்டுக்கும் காசு கொடுத்தவன் சொல்வது

நான்காம் வகுப்பு படிக்கும் மகனுக்குப் போன வருடம் இரண்டு மாத இடைவெளியில் இரண்டு ஐக்யூ டெஸ்ட் நடந்தது. முதலாவது தானாக வந்தது. பள்ளிக்கு ஒரு தனியார் குழு வந்து வகுப்பு மொத்தத்துக்கும் நடத்தினார்கள், தலைக்கு 250 ரூபாய், டைரியில் ஒரு சீட்டு ஒட்டி அனுப்பியதோடு சரி.

கொடுத்தது ரேவன்ஸ் மேட்ரிசஸ். 60 படப் புதிர், A முதல் E வரை ஐந்து தொகுதி, தொகுதிக்கு 12. படத்தில் ஒரு துண்டு விடுபட்டிருக்கும், கீழே உள்ளவற்றில் எது பொருந்துமோ அதன் எண்ணை எழுத வேண்டும். படிக்க எதுவும் கிடையாது என்பதால் எந்த மீடியம் பிள்ளையும் போடலாம். டெஸ்டைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ரிசல்ட் என்று வந்தது ஒரே ஒரு தாள்: பெயர், பர்சன்டைல் (அதே வயதில் நூறு பேரில் எத்தனை பேருக்கு மேலே என்ற கணக்கு), 'சராசரிக்குக் கீழ்'. தாத்தாவை ஆடு புலி ஆட்டத்தில் வாரம் தவறாமல் தோற்கடிக்கிற பையன் இவன்!

மூன்று தடவை அலைந்து விடைத்தாளைப் பார்த்தேன். தாளில் ஐந்து பத்தி, ஒவ்வொரு பத்தியையும் மேலிருந்து கீழே நிரப்ப வேண்டும். இவன் முதல் தொகுதியின் விடைகளைக் குறுக்கே எழுதிக்கொண்டு போய், இடையில் எங்கேயோ சுதாரித்து, அழித்து, மறுபடி குழம்பியிருக்கிறான். நாற்பது பிள்ளைக்கு ஒருவர் நின்றால் இதை யார் கவனிப்பது.

அப்புறம்தான் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு உள்ள ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டிடம் போனோம். 2,800 ரூபாய், மூன்று வாரம் காத்திருப்பு. அங்கே மிசிக் என்கிற டெஸ்ட், அமெரிக்க உளவியலாளர் வெக்ஸ்லரின் டெஸ்டை இந்தியக் குழந்தைகளுக்கு ஏற்றபடி மாலின் என்பவர் மாற்றி அமைத்தது. முதல் கால் மணி நேரம் டெஸ்டே இல்லை, எங்கள் வீட்டுப் பூனையைப் பற்றித்தான் பேச்சு. பிறகு சொற்பொருள், மனக்கணக்கு, சொன்ன எண்களைத் திருப்பிச் சொல்வது, கட்டைகளை அடுக்கி வடிவம் செய்வது, புதிர்ப்பாதை என்று ஏறக்குறைய இரண்டு மணி நேரம். நடுவில் சோர்ந்தபோது இடைவேளை விட்டார். ஒரு கட்டை வடிவத்தைச் சரியாக அடுக்கினான், ஆனால் நேரம் தாண்டிவிட்டது. அதற்கு மார்க் கிடையாது, ஆனால் 'நேரம் கடந்தும் விடாமல் முடித்தான்' என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தார். பேச்சு சார்ந்த பகுதிக்கும் கைவேலை சார்ந்த பகுதிக்கும் தனித்தனி ஐக்யூ, இரண்டுமே சராசரி. குறியீடுகளைப் பார்த்து வேகமாக எழுதும் பகுதி மட்டும் நன்றாகவே கீழே. வீட்டுப்பாடம் ஏன் தினமும் ஒன்பது மணியைத் தொடுகிறது என்று அப்போதுதான் புரிந்தது.

குறையும் உண்டு. மிசிக் 1969-ஐச் சேர்ந்தது, ஒப்பிடும் அளவுகோலுக்கு வயதாகிவிட்டது. வெக்ஸ்லரின் புதிய இந்தியப் பதிப்பு இருக்கும் இடம் கிடைத்தால் அதையே கேளுங்கள். தவிர, நடத்துபவர் அவசரக்காரராக இருந்தால் இந்த இரண்டு மணி நேரமும் வீண்தான். ரிப்போர்ட் கைக்கு வர எனக்குப் பத்து நாள் ஆனது.

1905-ல் பாரிஸில் பினே என்ற உளவியலாளர் இந்த மாதிரி டெஸ்டை ஆரம்பித்ததே ஒரு குழந்தையை எதிரே உட்காரவைத்துக் கேட்கும் முறையில்தான். கூட்டமாக உட்காரவைப்பதைப் பெரிய அளவுக்குக் கொண்டுபோனது 1917 தொடங்கி அமெரிக்க ராணுவம், சுமார் 17 லட்சம் பேருக்கு. அத்தனை பேரை அவசரமாகத் தரம் பிரிக்க வேறு வழியில்லை. பள்ளிக்கும் அதே நிலைமைதான், யாரைக் கூப்பிட்டு நிதானமாகப் பார்க்கலாம் என்று தெரிந்துகொள்ள 250 ரூபாய் டெஸ்ட் போதும். அந்தத் தாளை வைத்துப் பிள்ளையை வேறு செக்‌ஷனுக்கு மாற்றுகிறோம் என்றால் விடாதீர்கள்.

கிளினிக்குக்கு ஐந்தில் நாலு, பள்ளி டெஸ்ட்டுக்கு இரண்டு. இந்த வருடமும் டைரியில் சீட்டு வந்திருக்கிறது, கையெழுத்துப் போட்டுப் பணமும் வைத்துவிட்டேன். மேலிருந்து கீழே எழுத வேண்டும் என்று மட்டும் நேற்று ராத்திரி சொல்லிக்கொடுத்தேன்.