கயோட்டி வேட்டைக்கு .223: ஹார்னடி 55 கிரெய்ன் வி-மேக்ஸ்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் கயோட்டியை (ஓநாய்க் குடும்பக் காட்டுநாய்) குரல் கொடுத்து வரவழைத்துச் சுடுபவர்களுக்கு, சுமார் 250 கஜம் வரை ஹார்னடி நிறுவனத்தின் இந்த .223 அளவு ரைஃபிள் தோட்டா (குண்டின் எடை 55 கிரெய்ன், அதாவது சுமார் 3.6 கிராம்) தாராளமாகப் போதும். பத்துப் பதினைந்து கிலோ விலங்கை வீழ்த்தும் சக்தி .223-க்கு உண்டு. குறி தப்புவதெல்லாம் காற்றில்தான்.

பெட்டிக்கு 20 தோட்டா. குண்டு நொடிக்கு 3,240 அடி வேகத்தில் கிளம்பும் என்கிறது நிறுவனம். அது 24 அங்குலக் குழலுக்கான கணக்கு. 16 அங்குலக் குழல் கொண்ட ஏஆர்-15 ரக ரைஃபிளில் வேகம் நொடிக்கு 200 அடிக்கு மேல் குறையும். ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கி) 200 கஜத்துக்குப் பொருத்தினால், 100-இல் ஒன்றரை அங்குலம் மேலேயும் 300-இல் சுமார் ஏழு அங்குலம் கீழேயும் படும். இந்த இறக்கம் பழகிவிடும். ஆனால் மணிக்கு 10 மைல் குறுக்குக்காற்று 200 கஜத்தில் ஏறக்குறைய நாலரை அங்குலமும், 300-இல் சுமார் 11 அங்குலமும் குண்டை ஒதுக்கிவிடும். கயோட்டியின் நெஞ்சில் உயிர்நிலை ஐந்து அங்குலம்கூடத் தேறாது. வயோமிங் போன்ற திறந்தவெளியில் 300 கஜத்தில் சுடுவதே வழக்கம் என்றால் .22-250 ரெமிங்டன் என்ற வேறு தோட்டா அளவுக்கான ரைஃபிளை வாங்குங்கள். அதே எடைக் குண்டை நொடிக்கு 3,680 அடி வேகத்தில் அனுப்புவதால் 300 கஜத்தில் ஒதுக்கம் சுமார் இரண்டு அங்குலம் குறையும். பதிலுக்கு வெடிமருந்து கூடுதலாக எரியும். குழல் சீக்கிரம் சூடேறித் தேயும்.

வி-மேக்ஸின் உறை மெல்லியது, முனை பாலிமர். பக்கவாட்டில் நிற்கும் விலங்கின் முன்னங்காலுக்குச் சற்றே பின்னால் பட்டால் உள்ளேயே சிதறும், பெரும்பாலும் மறுபுறம் வராது. தோல் எடுப்பவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்! சிக்கல் கிட்டத்தில்தான்: 50 கஜத்துக்குள் தோளெலும்பில் பட்டால் மேலோட்டமாகவே வெடித்து, காயத்தோடு ஓடவிடும். அந்த வேதனையைக் கொடுக்கக் கூடாது. பக்கம் திரும்பும்வரை பொறுங்கள். விலை மலிவென்று முழு உலோக உறைக் குண்டை எடுக்கவே வேண்டாம். அது விரியாமல் துளைத்துப் போய்விடும்.

குண்டைச் சுழலவைக்கும் குழலின் உட்புறத் திருகுவரி (ரைஃப்ளிங்) 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றிருக்கும் பழைய துப்பாக்கியிலும் இது நிலையாகப் பறக்கும். 69 கிரெய்ன் நீளக் குண்டு அதில் தள்ளாடும். 5.56 தோட்டாவுக்கான (.223-ஐப் போன்ற ராணுவத் தோட்டா) அறை கொண்ட துப்பாக்கியிலும் இதைச் சுடலாம். ஆனால் .223 என்று மட்டும் பொறித்த துப்பாக்கியில் 5.56 தோட்டாவைப் போட்டால் அழுத்தம் அபாய அளவுக்கு ஏறலாம்.

கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் ஈயக் குண்டால் வேட்டையாடத் தடை உள்ளது. வி-மேக்ஸின் உள்ளீடு ஈயம் என்பதால், அங்கே ஈயமில்லாத குண்டுதான் வாங்க வேண்டும்.