ஆயில் ரிக் சேஃப்டி வால்வு சர்வீஸுக்கு விடறவங்க பெயிண்ட்டையும் சர்ட்டிபிகேட்டையும் நம்பிராதீங்க

கோயமுத்தூர், திருச்செங்கோடு, சங்ககிரி பக்கம் ரிக் சாமான் வாடகைக்கு விடறவங்க, சர்வீஸுக்கு அனுப்பறவங்க எல்லாரும் இத ஒருக்கா படிச்சுப்போடுங்க. நெம்ப வயித்தெரிச்சல்ல தான் எழுதறேன்.

நம்மூர்ல ரிக்குன்னா போர்வெல் வண்டி தான். நாங்களும் அதுல இருந்து வந்தவங்க தான், இப்ப திருவாரூர், காரைக்கால் பக்கம் காவிரிப் படுகைல ஓடற ஆயில் ரிக் காண்ட்ராக்ட்காரங்களுக்கு கெல்லி வால்வு, ஃபுல் ஓப்பனிங் சேஃப்டி வால்வு (கிணத்துல இருந்து பைப்புக்குள்ள ஏறி வர்றத அடைக்கற வால்வுங்க) எல்லாம் வாடகைக்கு விடறோம். ரெண்டுக்கும் உள்ள இருக்கறது பால் வால்வு தான், நடுவுல ஓட்டை இருக்கற உருண்டை (பால்) சீட்டுங்கற வளையத்தோட ஒட்டி உக்காந்திருக்கும், கால் சுத்து திருப்புனா அடைக்கும், திருப்பி கால் சுத்து வந்தா தொறக்கும். போர்வெல் வண்டில ஏர் லைன் வால்வு லீக் ஆனா காத்து சீறும், கம்ப்ரசர ஆஃப் பண்ணிப்போட்டு மாத்திக்கலாம். ஆயில் ரிக்ல அப்படி இல்லீங்க. பைப்பை மேல தூக்கிட்டு இருக்கறப்ப கிக் வந்து (கிணத்துக்குள்ள இருந்து கேஸோ எண்ணெயோ திடீர்னு தள்ளிட்டு வர்றது) பைப்புக்குள்ள இருந்து மட் (தோண்டறப்ப கிணத்துக்குள்ள விடற சேறாட்ட திரவம்) பொங்குச்சுன்னா, ஃப்ளோர்ல நிக்கற பசங்க முதல்ல கையில எடுக்கறதே அந்த சேஃப்டி வால்வு தான். அதனால தான் அத எப்பவும் தொறந்த நிலைலயே, சாவியோட, கைக்கு எட்டற எடத்துல வெச்சிருப்பாங்க. பொங்கற மட்டுக்கு மேலயே வால்வ பைப்புல மாட்டி முறுக்கிட்டு அப்புறம் தான் அடைக்கணும். அந்த நேரத்துல அது அடைக்கலைன்னா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. 1995ல ஆந்திரால பாசர்லபூடில கிணறு வெடிச்சு 65 நாள் எரிஞ்சுது, அந்தக் காலத்து ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம்ம நாமக்கல், சேலம் பசங்க எத்தனை பேரு இன்னிக்கு ரிக் ஃப்ளோர்ல நிக்கறாங்க தெரியுமுங்களா.

சரி, விசயத்துக்கு வர்றேன். 10,000 பிஎஸ்ஐ (அழுத்தத்தோட அளவு) ரேட்டிங் இருக்கற சேஃப்டி வால்வு சிலத கோயமுத்தூர்ல ஒரு ஒர்க்‌ஷாப்புல ஓவராயிலுக்கு விட்டோம். பேரு போடலீங்க, பேரு முக்கியமில்ல, இதே வேலைய வேற யாரு வேணா பண்ணலாம். புது சீட்டு, புது ஓ-ரிங் கிட்டு, ஸ்பிரிங், பால் கோட்டிங், டெஸ்ட்டு எல்லாம் சேர்த்து நல்ல பெரிய பில்லு, ஜிஎஸ்டியோட. சாமான் வந்துச்சு பாருங்க, பளபளன்னு பெயிண்ட்டு, திரெட்டுக்கு புது புரொடெக்டர், லேமினேட் பண்ணுன சர்ட்டிபிகேட்டு, டெஸ்ட் அழுத்தத்த பேனா வரைஞ்சு காட்டற பிரஷர் ரெக்கார்டர் சார்ட்டு வேற. யாரு பார்த்தாலும் புதுசுன்னு தான் சொல்லுவாங்க.

ரிக்ல எந்த சாமான் வந்தாலும் கீழ வெச்சு ஒரு டெஸ்ட் போட்டுட்டு தான் ஃப்ளோருக்கு ஏத்துவாங்க, அந்தப் புண்ணியத்துல தான் தப்பிச்சோம். ரிக் வேலைய பார்த்துக்கற டூல்புஷர் போன் பண்ணி, ஹை பிரஷர்ல நிக்குது, 250 பிஎஸ்ஐல வெச்சா முள்ளு எறங்கிட்டே இருக்குது, அது போக சாவிய திருப்ப ரெண்டு ஆள் வேணுமாட்ட இருக்குதுன்னு சொன்னாரு. இது ஏன்னா, ஹை பிரஷர்ல கிணத்து அழுத்தமே பாலை மேல் சீட்டோட அழுத்திப் புடிச்சுக்கும், ஸ்பிரிங் செத்துப் போயிருந்தாலும் தெரியாது. கம்மி பிரஷர்ல ஸ்பிரிங்கும் சீட்டும் தான் வேலை செய்யணும். ஏபிஐ 7-1ங்கற ஆயில் சாமான் தர விதில 250 பிஎஸ்ஐ டெஸ்ட்டுன்னு தனியா வெச்சிருக்கறதே இதுக்குத் தானுங்க, கம்மி பிரஷர் தானேன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க.

சாமான திருப்பி எடுத்துட்டு வந்து இங்க நமக்கு வேண்டிய ஒரு மிஷின் ஷாப்புல எல்லாரையும் கூட வெச்சுட்டு தொறந்தோம், வீடியோ எடுத்துட்டே தான் தொறந்தோம். ரீட்டெயினர கழட்டி மேல் சீட்ட எடுத்ததுமே மூக்குல பழைய மட் வாசம். ஸ்பிரிங் உக்கார்ற பள்ளத்துல சாம்பல் கலர்ல பேரைட்டு (மட்டுக்கு எடை கூட்டப் போடற தாதுப் பொடி) மட் சிமெண்ட்டாட்ட இறுகிக் கெடக்குது, ஸ்க்ரூடிரைவர் வெச்சு நெம்புனா தான் செதில் செதிலா வருது. பழைய கிணத்து மட்டுங்க அது! புது கிட்டு போட்டேன்னு பில்லு போட்டவன் அந்தப் பள்ளத்த தொடைக்கக் கூட இல்ல. சீட்டு அதே பழைய சீட்டு, லேப்பிங் பேஸ்ட் போட்டு தேச்சிருக்காங்க, ஓரத்துல பேஸ்ட் காஞ்சு ஒட்டியிருக்குது. பால் மேல கோட்டிங்கும் இல்ல ஒண்ணும் இல்ல, எமெரி பேப்பர் போட்ட கோடு வட்டமா தெரியுது, மட் அரிச்ச பள்ளம் ஒண்ணு நகத்துக்கு அப்படியே தட்டுப்படுது. ஒரு வால்வுல அலை ஸ்பிரிங்கே காணோம். ஓ-ரிங்குக்குப் பின்னால வர வேண்டிய பேக்கப் ரிங்கும் இல்ல, அது இல்லாம 10,000 பிஎஸ்ஐ குடுத்தா ரப்பர் சந்துல பிதுங்கி கிழிஞ்சு போயிரும்.

ஸ்டெம் (சாவி மாட்டி பாலை திருப்பற தண்டு) ஓ-ரிங்கு மட்டும் தான் புதுசு, அதுலயும் வெனை. தொட்டாலே கொழகொழன்னு உப்பியிருந்துச்சு. ரப்பர் கடை அண்ணங்கிட்ட காட்டுனேன், பார்த்ததும் "இது ஈபிடிஎம் மாதிரி இருக்குதுங்க, தண்ணி லைனுக்குப் போடறது"ன்னாரு. ஈபிடிஎம் தண்ணிக்கும் ஸ்டீமுக்கும் நல்ல ரப்பர் தான், ஆனா டீசல், பெட்ரோலிய கிரீஸ் பட்டா உப்பிரும். இவங்க தடவுன கிரீஸுலயே உப்பி ஸ்டெம்ம புடிச்சிருக்குது, அதனால தான் சாவி திரும்பல. ஆயில் வேலைக்கு நைட்ரைலோ வைட்டானோ தான் போடோணும். ஆனா பாருங்க, ஒர்க்‌ஷாப்புல தண்ணி வெச்சு தான் டெஸ்ட் பண்ணுவாங்க, அங்க தப்பான ரப்பரும் பாஸ் ஆயிரும். அதே ஓ-ரிங்குல மிச்சமிருந்த நல்ல துண்டையும் ஒரு நைட்ரைல் ரிங்கையும் ஒட்டுக்கா டீசல்ல ராத்திரி ஊற வெச்சேன், காலைல இது தடிச்சுக் கெடக்குது, நைட்ரைல் அப்படியே இருக்குது. இந்தச் சோதனைய யாரு வேணா வீட்டுலயே பண்ணலாம்.

சார்ட்டு தான் இன்னும் கொடுமை. ரெண்டு வால்வோட சார்ட்ட மேல மேல வெச்சு ஜன்னல் வெளிச்சத்துல பார்த்தேன். 1,200 பிஎஸ்ஐ தாண்டறப்ப பேனா ஒரு துள்ளு துள்ளியிருக்குது, ரெண்டுலயும் அதே எடம், அதே துள்ளு. சீரியல் நம்பர மட்டும் மாத்தி எழுதி கலர் ஜெராக்ஸ் போட்டிருக்காங்க. ஒரு சர்ட்டிபிகேட்டுல இருக்கற நம்பருக்கும் பாடில குத்தியிருக்கற நம்பருக்கும் சம்பந்தமே இல்ல.

போய் கேட்டா ஓனர், "அண்ணா, நீங்க ரிக்ல ஓட்டி மட்ட ஏத்திப்போட்டு எங்க மேல பழிய போடறீங்க"ங்கறாரு. ஓட்டவே இல்லைங்க, தரைல டெஸ்ட் பண்ணதோட திரும்பி வந்துருச்சு, டூல்புஷர் எழுதுன ரிப்போர்ட்டே கையில இருக்குதுன்னேன். பழைய சீட்டு, ஸ்பிரிங் எங்கன்னு கேட்டா "அதெல்லாம் ஸ்கிராப்புக்குப் போட்டாச்சுங்க". கடைசில லேபர் காச மட்டும் வேணா கழிச்சுத் தர்றேன்னு தாட்டி விட்டுட்டாங்க. வக்கீல பார்த்தோம், யாவாரத்துக்கு வாங்குன சர்வீஸுங்கறதால நுகர்வோர் கோர்ட்டுக்குப் போறது கஷ்டம், நோட்டீஸ் விட்டு சிவில்ல தான் போகோணும்னு சொல்லிட்டாரு. நோட்டீஸ் விட்டாச்சு.

காசு கூட போகட்டுமுங்க. 1988ல வடகடல்ல பைப்பர் ஆல்ஃபான்னு ஒரு ஆயில் பிளாட்ஃபாரம் எரிஞ்சு 167 பேரு செத்தாங்க. ஒரு பம்போட ரிலீஃப் வால்வ சர்வீஸுக்குக் கழட்டிட்டு அந்த எடத்த சும்மா மூடி வெச்சிருந்தாங்க, நைட் ஷிஃப்ட்டுக்கு அந்த பேப்பர் போய்ச் சேரல, பம்ப ஓட்டிட்டாங்க. வால்வு சர்வீஸ்ல பேப்பரும் சாமானும் ஒத்து வரலைன்னா அப்படித் தானுங்க முடியும். இவன் பேப்பரையே பொய்யா அடிச்சுக் குடுக்கறான்.

இனி சாமான் விடறப்ப பாடில குத்துன நம்பர போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, டெலிவரி சலான்லயே எழுதிருங்க. கழட்டுன பழைய சீட்டு, ஸ்பிரிங், ஓ-ரிங் எல்லாம் பையில போட்டு திரும்பி வரோணும்னு ஆர்டர்லயே போடுங்க, இது ஒண்ணு போட்டாலே பாதி பேரு ஓடிருவான். டெஸ்ட் அன்னிக்கு ஆள் நேர்ல நிக்கோணும், முதல்ல 250 பிஎஸ்ஐ, அப்புறம் தான் ஹை பிரஷர், அதுவும் கிணறு தள்ளற கீழ்ப்பக்கத்துல இருந்து. முதல்ல ஹை குடுத்து பாலை சீட்டுல அமுக்கிட்டு அப்புறம் லோ காட்டறேன்னா ஒத்துக்காதீங்க. கேஜோட கேலிபரேஷன் தேதிய பாருங்க. பாடில வெல்டிங் வெச்ச தடம் இருந்தா அந்த வால்வயே ஏத்தாதீங்க, அது ஹீட் ட்ரீட் பண்ணுன ஸ்டீலு, கண்ட மாதிரி வெல்டு வெச்சா விரிசல் விடும்.

சமீபத்துல கோயமுத்தூர் பக்கம் இந்த மாதிரி வால்வு சர்வீஸ் விட்டவங்க இன்னிக்கே ஃபைல எடுத்து சர்ட்டிபிகேட் நம்பர பாடியோட ஒத்துப் பாருங்க, சார்ட்டுல 1,200 பிஎஸ்ஐ பக்கம் பேனா துள்ளுன தடம் இருக்குதான்னும் பாருங்க. இருந்துச்சுன்னா அந்த வால்வ உடனே ஃப்ளோர்ல இருந்து எறக்கச் சொல்லிட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க, எங்ககிட்ட இருக்கற சார்ட்டு காப்பிய அனுப்பறேன்.