பூஞ்சை மருந்தை நம்பிக் குதிரையை இழந்தேன்: ஒட்டகம், குதிரை வளர்ப்போருக்கு ஓர் எச்சரிக்கை

எங்கள் ஒட்டகக் கன்றின் கழுத்தில் வட்ட வட்டமாக முடி உதிர்ந்து சாம்பல் நிறச் செதில் படிந்தபோது, கால்நடைகளின் தோல் நோய்க்கென்றே மருந்து தருவதாகச் சொல்லிக்கொண்ட ஒருவர் அதைப் படர்தாமரை என்ற பூஞ்சை நோய் என்றார், அது சரிதான். அவருடைய களிம்பைத் தடவினோம், ஆறியது. இளங்கன்றுகளுக்கு வரும் படர்தாமரை பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே ஆறிவிடும் என்பதை அறியாமல், அவரை முழுமையாக நம்பிவிட்டேன்.

பின்னர், மழைநீர் தேங்கிய இடத்தில் பல நாள் மேய்ந்த எங்கள் பெட்டைக் குதிரையின் முன்னங்காலில் புண் வந்தது. அதே மனிதர், தொட்டுக்கூடப் பார்க்காமல், "இதுவும் பூஞ்சைதான்" என்று அதே களிம்போடு பூஞ்சைக்கொல்லி மாத்திரைகளையும் கொடுத்தார். புண் கையகலத்துக்கு வளர்ந்தது. பிசுபிசுப்பான இரத்தநீர் நூல் போல வடிந்தது. அரிப்புத் தாங்காமல் குதிரை தன் காலையே கடித்துக்கொண்டது. ஒருநாள் கழுவும்போது, புண்ணின் துளைகளிலிருந்து பவளத் துண்டு போன்ற, மஞ்சள் கலந்த சாம்பல் நிறக் கட்டிகள் என் விரல்களில் உதிர்ந்தன. அதைப் படமெடுத்து அனுப்பியபோது, "அழுக்கு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி" என்றார். அந்தப் பதிலை நம்பி மேலும் மூன்று வாரங்களை வீணாக்கினேன்.

அதன்பின் வந்த கால்நடை மருத்துவர் திசுவை ஆய்வுக்கு அனுப்பிய பிறகே அது பித்தியோசிஸ் என்று தெரிந்தது. அந்நோயை உண்டாக்கும் பித்தியம் இன்சிடியோசம் என்ற உயிரி நுண்ணோக்கியில் பூஞ்சை போல இழையிழையாகத் தெரிந்தாலும், உண்மையில் அது பூஞ்சை இனத்தைச் சேர்ந்ததன்று. பூஞ்சைக்கொல்லிகள் பலவும் குறிவைக்கும் எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருள் அதன் உயிரணுச் சவ்வில் பொதுவாக இல்லாததால், அம்மருந்துகளுக்கு அது எளிதில் கட்டுப்படுவதில்லை. தேங்கிய நீரில் நீந்தும் அதன் வித்துகள் சிறு காயம் வழியாகவே உள்ளே நுழைந்துவிடும். குதிரைகளில்தான் அதிகம் என்றாலும், ஒட்டகத்திலும் மாட்டிலும்கூட இந்நோய் கண்டறியப்பட்டிருக்கிறது. இதேபோல, பூஞ்சை எனத் தவறாகக் கருதப்படும் டெர்மடோபிலோசிஸ் ஒரு பாக்டீரியா நோய்; அதற்கும் பூஞ்சை மருந்து பயன்படாது.

புண் சிறிதாக இருந்தபோதே சுற்றியுள்ள திசுவோடு அகலமாக வெட்டியெடுத்திருந்தால் பிழைக்க வாய்ப்பிருந்தது என்றார் மருத்துவர். எலும்புவரை பரவியிருந்ததால் எங்கள் குதிரையைக் காப்பாற்ற முடியவில்லை.

ஈர நிலத்தில் நின்ற விலங்கின் புண் மருந்துக்கு ஆறாமல் வேகமாக வளர்ந்தால், களிம்பை மாற்றிக்கொண்டிராமல் உடனே திசு ஆய்வு கேளுங்கள். பித்தியோசிஸ் ஐயம் இருப்பதை ஆய்வகத்திடம் முன்பே சொல்லிவிடுங்கள். நோய் உயிரியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கான திசுவைப் பனிக்கட்டியில் வைத்தால் அந்த உயிரி வளராமலே போகக்கூடும்.