குமுளிக்கு எந்த ஹோஸ்டிங்: பழைய முறையா, கிளவுடா?

குமுளியில் ஏலக்காய், மிளகு விற்கும் கடைக்காரருக்கும் வெப்சைட் வேண்டும், ஹோம்ஸ்டே நடத்துபவருக்கும் வேண்டும். ஆனால் இருவரும் ஒரே ஹோஸ்டிங்கை (தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் வாடகை இடம்) வாங்குவது சரியில்லை. கடையின் தளத்துக்கு வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் ஆட்கள் வருவார்கள். ஹோம்ஸ்டே அப்படியல்ல. கார்த்திகை பிறந்தால் கம்பம் வழியாக வரும் ஐயப்ப பக்தர்கள் மகரவிளக்கு வரை அறை தேடிக்கொண்டே இருப்பார்கள். ஆனி, ஆடி மழையில் ஆள் குறைவு. ஓணத்துக்கு மறுபடி கூட்டம்.

பழைய முறையில் ஒரே சர்வரில், அதாவது தளங்களை வைத்திருக்கும் கணினியில், பல தளங்கள் இருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை பணம் கட்டினால் போதும். சிபேனல் (தளத்தை நிர்வகிக்கும் பக்கம்), மெயில் ஐடி, எஸ்எஸ்எல் (தளத்துக்கான பாதுகாப்புச் சான்றிதழ்) எல்லாம் பெரும்பாலும் சேர்ந்தே வரும். சர்வரைப் பராமரிப்பது கம்பெனியின் பொறுப்பு. கணினி தெரிந்த ஆள் இல்லாத கடைக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் முதல் வருஷ விலையை மட்டும் பார்க்காதீர்கள், புதுப்பிக்கும் விலையைக் கேளுங்கள். 'அன்லிமிடெட்' என்று போட்டிருந்தாலும் சிபியு, மெமரி, ஃபைல்களின் எண்ணிக்கை என்று வரம்புகள் உண்டு. அதைத் தாண்டினால் சீசன் நடுவில் தளம் மெதுவாகும், அல்லது 508 போன்ற பிழைப் பக்கம் வந்து நிற்கும்.

கிளவுடில் சர்வரை ஓடும் நேரத்துக்கு வாடகைக்கு எடுக்கிறோம். கார்த்திகையில் பெரிதாக்கி, தை பிறந்ததும் சுருக்கிக்கொள்ளலாம். ஆனால் கூட்டம் வந்தால் தானாகப் பெருகிவிடும் என்று நம்பவேண்டாம். அப்படித் தானாகப் பெருக வைக்கும் ஆட்டோ ஸ்கேலிங்கை யாராவது அமைத்துத் தரவேண்டும், தளமும் அதற்கு ஏற்றபடி கட்டப்பட்டிருக்க வேண்டும்.

பில்தான் கவனிக்க வேண்டிய இடம். சர்வருக்கு ஒரு தொகை, டிஸ்குக்கு ஒரு தொகை, வெளியே போகும் டேட்டாவுக்குத் தனி. அமேசானின் கிளவுட் சேவையில் மாதம் 100 ஜிபி வரை டேட்டா இலவசம், அதற்கு மேல் கட்டணம். 2024 பிப்ரவரியிலிருந்து பொது ஐபிவி4 முகவரிக்கும் (இணையத்தில் சர்வரைக் கண்டுபிடிக்கும் எண்) காசு வாங்குகிறார்கள். பட்ஜெட் எச்சரிக்கை வைத்தால் மெயில் வரும், அவ்வளவுதான். நாமாக ஏற்பாடு செய்யாவிட்டால் செலவு நிற்காது. அமேசானின் ஈசி2 என்ற வாடகை சர்வரிலிருந்து நேரடியாக மெயில் அனுப்பும் வழியான 25-ஆம் போர்ட்டும் முதலில் மூடியே இருக்கும்.

வேகத்தைச் சொல்லி கிளவுடை விற்பவர்கள் உண்டு. அமேசானுக்கு மும்பையிலும் (2016) ஹைதராபாத்திலும் (2022) டேட்டா சென்டர் இருப்பது உண்மை. ஆனால் பழைய முறைக் கம்பெனிகளிலும் இந்தியாவில் சர்வர் தருபவர்கள் இருக்கிறார்கள். வாங்கும்முன் அதைக் கேட்டுவிடுங்கள்.

பேக்கப் விஷயத்தில் இரண்டுமே ஒன்றுதான். 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஹெச் என்ற ஹோஸ்டிங் கம்பெனியின் டேட்டா சென்டர் எரிந்தபோது, வேறிடத்தில் நகல் வைக்காத பலர் தளத்தையே இழந்தார்கள். ஒரு நகல் உங்கள் கையில் இருக்கட்டும்.

என் கணக்கில், மசாலாக் கடைக்குப் பழைய முறையே போதும். அறை புக்கிங்கைத் தன் தளத்திலேயே வாங்கும் ஹோம்ஸ்டேக்கு, அமேசானின் லைட்செயில் மாதிரி மாத வாடகை நிலையாக உள்ள சின்ன கிளவுட் சர்வர் பொருந்தும், பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தால். படங்களும் வாட்ஸ்அப் நம்பரும் மட்டும் போதுமென்றால் இரண்டுமே வேண்டாம். கிளவுட்ஃப்ளேர் கம்பெனியின் பேஜஸ் சேவையில் இலவசமாகவே போடலாம்.

மாற்றுவதாக இருந்தால் புரட்டாசிக்குள் மாற்றிவிடுங்கள். முந்தின நாளே டிஎன்எஸ்ஸில் (தளத்தின் பெயரை சர்வரோடு இணைக்கும் பதிவு) டிடிஎல்லை, அதாவது பழைய முகவரி நினைவில் இருக்கும் நேரத்தை, 300 வினாடிக்குக் குறைத்துவிட்டு, பழைய கணக்கை இன்னும் ஒரு மாதம் மூடாமல் வைத்திருங்கள்.