லென்ஸும் ஆடியும் சேர்ந்த கணக்கு: படிப்படியாகவா, அணியிலா?

குவி லென்ஸுக்குப் பின்னால் ஒரு குழி ஆடி. லென்ஸைத் தாண்டிய ஒளி ஆடியில் பட்டுத் திரும்பி, மறுபடி அதே லென்ஸ் வழியாக வெளியே வரும். கடைசிப் பிம்பம் எங்கே விழும் என்ற கணக்கை, ஒன்றின் பிம்பத்தை அடுத்ததற்குப் பொருளாக வைத்துப் படிப்படியாகவும் போடலாம், லென்ஸ், ஆடி, இடைவெளி ஒவ்வொன்றையும் ஒரு 2×2 அணியாக (மேட்ரிக்ஸ்) எழுதிப் பெருக்கியும் போடலாம். இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு நான் படிப்படி முறைக்கே திரும்பிவிட்டேன். கதிர்ப்படம் தோராயத்துக்கு மட்டும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். லென்ஸின் குவிய தூரம் 20 செ.மீ., பொருள் 30 செ.மீ. முன்னால். லென்ஸுக்கு 50 செ.மீ. பின்னால் ஆடி, அதன் குவிய தூரம் 10 செ.மீ.

லென்ஸ் மட்டும் இருந்தால் பிம்பம் 60 செ.மீ.யில் விழும். ஆனால் ஆடி 50லேயே மறித்துவிடுகிறது. ஆக, ஆடிக்கு 10 செ.மீ. பின்னால் விழவேண்டிய பிம்பம்தான் ஆடிக்குப் பொருள், அதாவது மாயப் பொருள். சறுக்குவது இங்கேதான். ஒளி போய்ப் படும் திசையில் அளந்தால் நேர்க்குறி, எதிர்த்திசையில் அளந்தால் எதிர்க்குறி; அதன்படி குழி ஆடியின் குவிய தூரம் −10. மெய்ப் பொருளுக்குப் போடும் பழக்கதோஷத்தில் பொருளின் தூரத்தையும் −10 என்று போட்டால், பொருள் சரியாகக் குவியத்தில் போய் உட்கார்ந்துவிடும். பிம்பம் முடிவிலிக்குப் போகும், திரும்பிவரும் இணைகதிர்களை லென்ஸ் 20 செ.மீ.யில் குவிக்கும். பார்க்க அழகான விடை, முழுத் தப்பு! நானும் ஒருமுறை அதற்கு அடிக்கோடு போட்டுவிட்டு எழுந்திருக்கிறேன்.

+10 என்று போட்டால் பிம்பம் ஆடிக்கு முன்னால் 5 செ.மீ.யில், அதாவது லென்ஸிலிருந்து 45 செ.மீ.யில். இப்போது ஒளி ஆடியிலிருந்து லென்ஸை நோக்கித் திரும்பிப் போகிறது. அதையே நேர்த்திசையாக வைத்துக்கொண்டால் பழைய லென்ஸ் சமன்பாடே 36 செ.மீ. என்று தரும், மெய் பிம்பம். உருப்பெருக்கங்கள் −2, 0.5, −0.8; பெருக்கினால் 0.8, நிமிர்ந்த பிம்பம்.

அணியில் மாயப் பொருள் என்ற பேச்சே எழாது, அது பெரிய நிம்மதி. லென்ஸ், இடைவெளி, ஆடி, இடைவெளி, லென்ஸ் என்று ஐந்து அணிகளைப் பெருக்கினால் 3.5, −150, −0.075, 3.5 வரும், அதிலும் அதே 36தான். பொருளை நகர்த்தி நகர்த்திக் கேட்டால் இந்த ஒரே அணி போதும். ஆனால் தப்பு வந்தால் எங்கே வந்தது என்று தெரியாது. அணிக்கோவை (எதிரெதிர் மூலைகளைப் பெருக்கிக் கழித்தது) 1 வருகிறதா என்று சரிபார்க்கச் சொல்வார்கள். பெருக்கலில் சறுக்கினால் பெரும்பாலும் அது காட்டிக்கொடுக்கும். ஆடியின் குறியை மாற்றிப் போட்டாலோ அப்போதும் 1தான் வரும்! படிப்படியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒளி எங்கே நிற்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம். நாலைந்து லென்ஸ் உள்ள அமைப்புகளை நான் போட்டதில்லை, அங்கே அணிதான் சுலபமோ என்னவோ.

லென்ஸும் ஆடியும் ஒட்டியே இருந்தால் இந்த இரண்டு வழியுமே வேண்டாம். ஒளி லென்ஸை இரண்டு முறை கடப்பதால் 2/20 + 1/10 = 1/5, சரி, 5 செ.மீ. குவிய தூரமுள்ள ஒரே குழி ஆடி என்று வைத்துப் போட்டுவிடலாம். நடுவில் 50 செ.மீ. இருக்கும்போது இந்தக் குறுக்குவழி செல்லாது.